வேஷம் வேறு, மனிதர் வேறு!

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பாரதக் கூத்தில் துகில் உரியும் கட்டம் வரும். துச்சாதனன் வேஷக்காரர் ஆர்ப்பாட்டமாகக் குதித்து வருவார். பாஞ்சாலியின் சேலையில் அவர் கை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு காரியம் நடக்கும்.

கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷக்காரர் கை கூப்பிக் கும்பிடுவார். மன்னிப்புக் கேட்டுக் கொள்வார். அதன் பிறகுதான் சேலையைத் தொடுவார். பல ஊர்க் கூத்துகளில் இந்த வழக்கம் உண்டு.

பொழுது விடியும். அவர் முகத்துச் சாயத்தைக் கழுவுவார். டீக்கடைக்கு வந்து உட்காருவார். ஊர்க்காரர்கள் அவரோடு சிரித்துப் பேசுவார்கள். யாரும் அவரைத் துச்சாதனன் என்று எண்ணி ஒதுக்குவது இல்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டிக்கும் தெரியும், வேஷம் வேறு, மனிதர் வேறு என்று.

சினிமாவில் கற்பூரம் ஏற்றுவது இல்லை. டெலிவிஷனிலும் ஏற்றுவது இல்லை. அதனால்தானோ என்னவோ, படித்தவர்களுக்குக்கூட இந்த வேற்றுமை சில சமயம் மறந்து போகிறது. வேஷத்தைப் பார்த்து ஆளை எடை போட்டு விடுகிறார்கள்.

ஆளை மட்டுமா? ஊரையும் அப்படித்தான் எடை போடுகிறார்கள்!

ஒரு நடிகரையும் ஒரு ஊரையும் சேர்த்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். நடிகர், டேனியல் பாலாஜி. ஊர், வடசென்னை.

டெலிவிஷன் கொடுத்த பெயர்

அவருடைய சொந்தப் பெயர் பாலாஜி. தரமணி திரைப்படக் கல்லூரியில் படித்தவர். கமல்ஹாசன் தொடங்கிய "மருதநாயகம்" படத்தில் தயாரிப்பு நிர்வாக வேலை பார்த்தார். அந்தப் படம் பாதியில் நின்று போயிற்று.

பிறகு டெலிவிஷனுக்கு வந்தார். ராதிகா நடித்த "சித்தி" தொடர் 1999 முதல் 2001 வரை சன் டி.வி.யில் வந்தது. அந்த நேரத்தில் தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு டெலிவிஷன் பெட்டி முன்னால் உட்கார்ந்த குடும்பங்கள் எத்தனையோ!

அந்தத் தொடரில் பாலாஜிக்குக் கிடைத்த வேஷத்தின் பெயர் "டேனியல்". மக்கள் மனதில் அந்தப் பெயர் ஒட்டிக் கொண்டது. அடுத்து "அலைகள்" தொடரில் நடித்தபோது டேனியல் பாலாஜி என்றே பெயர் போட்டார்கள். வேஷத்தின் பெயர் ஆளின் பெயரோடு சேர்ந்து விட்டது. சாகிற வரைக்கும் அது போகவில்லை.

பயமுறுத்திய கண்கள்

2003இல் "காக்க காக்க" வந்தது. அதில் அவர் போலீஸ் அதிகாரி. நல்லவர் வேஷம்.

2006இல் "வேட்டையாடு விளையாடு" வந்தது. டைரக்டர், கவுதம் வாசுதேவ் மேனன். கமல்ஹாசன் துப்பறியும் போலீஸ் அதிகாரி. கொலைகாரர்களைத் தேடி நியூயார்க் வரை போகிறார். அந்தக் கொலைகாரர்களில் ஒருவன் அமுதன். டாக்டருக்குப் படித்தவன். உயிரைக் காப்பாற்ற வேண்டிய கையாலே உயிரை எடுக்கிறான்.

அந்த அமுதன்தான் டேனியல் பாலாஜி.

அவர் பெரிய குரலில் மிரட்டவில்லை. மீசையை முறுக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையிலேயே தியேட்டர் உறைந்து போயிற்று. படம் பார்த்துவிட்டு வந்த பெண்கள், இருட்டில் மாடிப்படி ஏறப் பயந்தார்கள்.

2007இல் "பொல்லாதவன்" வந்தது. டைரக்டர் வெற்றி மாறனுக்கு அது முதல் படம். அதிலும் டேனியல் பாலாஜிக்கு வில்லன் வேஷம். 2018இல் அதே வெற்றி மாறன் "வட சென்னை" எடுத்தார். அதிலும் அவர் இருந்தார். அந்தப் படத்தில் அவருடைய பெயர் "தம்பி".

2024 மார்ச் 29

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு. டேனியல் பாலாஜிக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிரிந்து விட்டது. வயது 48.

அவருடைய உறவினரான நடிகர் முரளியும் இப்படித்தான் 2010இல் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 46. ஒரே குடும்பத்தில் இரண்டு கலைஞர்கள், ஐம்பதைத் தொடாமலே போய் விட்டார்கள்.

டேனியல் பாலாஜியின் உடல் புரசைவாக்கம் வீட்டில் வைக்கப்பட்டது. அப்போது வந்த செய்தி ஒன்று, அவரை வில்லனாகவே பார்த்தவர்களின் நெஞ்சைத் தொட்டது.

அவருடைய கண்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன!

எந்தக் கண்களைப் பார்த்து ஊரே பயந்ததோ, அந்தக் கண்கள்! வேஷம் எடுத்தது பல உயிர். மனிதர் கொடுத்தது பார்வை.

அவர் ஆவடியில் அங்காள பரமேஸ்வரி அம்மனுக்குக் கோவில் கட்டினார் என்பதும் பலருக்கு அவர் போன பிறகுதான் தெரிய வந்தது.

நம்பியாரை மறக்கலாமா?

இது புதிய கதை அல்ல. அந்தக் காலத்து நம்பியார் கதையும் இதுதான்.

எம்.ஜி.ஆர். படங்களில் நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு வருவார். கொட்டகையில் பெண்கள் மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டுவார்கள். வெளியில் அவர் எப்படி இருந்தார்? சைவச் சாப்பாடு. குடிப் பழக்கம் கிடையாது. ஆண்டுதோறும் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போனவர். ஐயப்ப பக்தர்கள் பலருக்கு அவர் குருசாமி. 2008இல் அவர் காலமானபோது, "இவ்வளவு நல்ல மனிதரையா திட்டினோம்!" என்று எண்ணாதவர் குறைவு.

நல்லவரால்தான் கெட்டவன் வேஷத்தை நன்றாகச் செய்ய முடியும் என்று சொல்ல முடியாது. ஆனால் கெட்டவன் வேஷம் போட்டவர் கெட்டவராகத்தான் இருப்பார் என்று நினைப்பது அறியாமை.

சரி. நடிகர் விஷயத்தில் இதை எல்லாரும் ஒப்புக் கொள்வார்கள். ஊர் விஷயத்தில்?

ஊருக்கும் ஒரு வேஷம்

தமிழ் சினிமா சில ஊர்களுக்கு நிரந்தரமாக வேஷம் கொடுத்து வைத்திருக்கிறது. மதுரை என்றால் அரிவாள். வடசென்னை என்றால் கத்தி. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி என்று பெயர் வந்தால் போதும், பின்னால் ரவுடி வருவான். போலீஸ் ஜீப் வரும்.

நடிகர் மாலையில் வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஊர் எங்கே போகும்? அதன் முகத்தில் போட்ட சாயத்தை யார் கழுவுவது?

வடசென்னை இளைஞர்கள் பலர் சொல்கிற குறை ஒன்று உண்டு. வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறார்கள். படிப்பைப் பார்க்கிறார்கள், திருப்தி. பேச்சைப் பார்க்கிறார்கள், திருப்தி. "வீடு எங்கே?" என்று கேட்கிறார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுகிறது. இதனால் தெற்கே இருக்கிற உறவினர் வீட்டு முகவரியை எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு.

பெண் பார்க்க வருபவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். வாடகைக்கு வீடு கொடுப்பவர்களும் கேட்கிறார்கள்.

சொந்த ஊரின் பெயரைச் சொல்ல ஒரு பிள்ளை தயங்குகிறான் என்றால், அது எவ்வளவு பெரிய துயரம்!

இரண்டாம் தடவை பார்த்தால்...

ஒரு துப்பறியும் படத்தை முதல் தடவை பார்க்கும்போது மனம் ஒன்றைத்தான் தேடும். கொலை செய்தது யார்? அடுத்து என்ன ஆகும்? அந்த அவசரத்தில் மற்றது எதுவும் கண்ணில் படாது.

இரண்டாம் தடவை பார்க்கும்போது கொலைகாரன் யார் என்று தெரியும். பயம் குறைந்திருக்கும். அப்போதுதான் வேறு கேள்வி பிறக்கும். இது ஏன் நடந்தது?

"வேட்டையாடு விளையாடு" 2023 ஜூன் மாதம் மறுபடியும் தியேட்டர்களுக்கு வந்தது. பதினேழு ஆண்டுக்கு முன்னால் பார்த்தவர்கள் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். முதலில் அமுதனைப் பார்த்துப் பயந்தவர்கள், இந்தத் தடவை டேனியல் பாலாஜியின் நடிப்பைப் பார்த்தார்கள். ஒன்பது மாதம் கழித்து அவர் இல்லை. இப்போது அதே படத்தை வீட்டில் போட்டுப் பார்த்தால், பயம் வருவதற்குப் பதிலாகத் துக்கம் வருகிறது. காட்சி மாறவில்லை. பார்க்கிறவர் மனம் மாறி விட்டது.

"வட சென்னை" படத்தையும் இப்படி இரண்டாம் தடவை பார்க்க வேண்டும். அது "ஏ" சான்றிதழ் பெற்ற படம். சின்னக் குழந்தைகளை உட்கார வைத்துப் பார்க்கிற படம் அல்ல. பெரியவர்கள் பார்க்கலாம்.

முதல் தடவை பார்த்தவர்கள் கத்தியைப் பார்த்தார்கள். ஜெயிலைப் பார்த்தார்கள். கெட்ட வார்த்தையைக் கேட்டார்கள்.

இரண்டாம் தடவை பார்த்தால் வேறு கதை தெரியும். கடற்கரையில் குடிசைகள். அந்த இடத்துக்கு ஒரு சாலைத் திட்டம் வருகிறது. குடிசைகளைக் காலி செய்ய வேண்டும் என்கிறார்கள். ராஜன் என்பவன் மக்களைத் திரட்டி எதிர்த்து நிற்கிறான். கூட இருந்தவர்களே அவனை வஞ்சகமாகக் கொல்கிறார்கள். காரம் விளையாட்டில் பெரிய ஆளாக வரவேண்டிய அன்பு என்ற பையன், இந்தச் சுழலில் சிக்கி ஜெயிலுக்குப் போகிறான்.

கதையின் வேர் கத்தியில் இல்லை. மண்ணில் இருக்கிறது. குடியிருக்கும் இடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் இருக்கிறது. இதை டைரக்டர் ஒளிக்கவில்லை. பார்த்தவர்களில் பலர்தான் கத்தியோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

மீனவர்கள் கேட்ட கேள்வி

படம் வந்த உடனே வடசென்னை மீனவ மக்கள் மத்தியில் எதிர்ப்புக் கிளம்பியது. சில காட்சிகள் தங்களை இழிவு செய்வதாகச் சொன்னார்கள்.

வெற்றி மாறன் வீம்பு பேசவில்லை. வருத்தம் தெரிவித்தார். மனம் புண்படுத்திய காட்சியை நீக்கச் சம்மதித்தார். கலைஞருக்கு அது பெருமை, குறைவு அல்ல.

ஆனால் அந்த எதிர்ப்பை ஒரு காட்சியோடு முடிந்துபோன சண்டையாக நினைக்கக் கூடாது. அதற்குள் ஒரு பழைய வேதனை இருந்தது. "எங்களை எப்போதும் இந்த வேஷத்தில்தான் பார்ப்பீர்களா?" என்பதே அந்த வேதனை.

படத்தில் வராத வடசென்னை

வடசென்னையின் வரலாறு தெரிந்தால், அதற்குக் கிடைத்த வேஷம் எவ்வளவு பொருத்தமில்லாதது என்பது புரியும்.

தென்னிந்தியாவில் முதல் ரெயில் எங்கிருந்து புறப்பட்டது? ராயபுரத்திலிருந்து! 1856ஆம் ஆண்டு அது வாலாஜா ரோடு வரை ஓடியது.

இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் எங்கே பிறந்தது? பெரம்பூர் பக்கத்து ஆலைத் தொழிலாளர் மத்தியில்! 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் அதற்காக உழைத்தார்கள். எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு இன்று வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் இப்படிப்பட்ட சங்கங்களுக்குக் கடமைப்பட்டவர்கள்.

புல்லட் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இளைஞர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். 1955 முதல் அது உருவான இடம் திருவொற்றியூர். ஊர் ஊராக ஓடும் அசோக் லேலண்ட் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் தாய்வீடு எண்ணூர்.

சென்னை வீடுகளில் விளக்கு எரிந்தது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை கரியை எரித்தது. விளக்கு நகரம் முழுவதற்கும். சாம்பல் எண்ணூருக்கு!

பெட்ரோல் நகரம் முழுவதற்கும். அதைச் சுத்திகரிக்கும் ஆலையின் புகை மணலிக்கு! நகரத்தில் பாதிப் பேர் போடும் குப்பை கொடுங்கையூருக்கு!

2017 ஜனவரி 28இல் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொண்டன. எண்ணெய் கொட்டிக் கரை எல்லாம் கருத்தது. அதை வாளியால் மொண்டு எடுத்தார்கள். மொண்டவர்களில் அந்தக் கடற்கரை மீனவர்களும் இருந்தார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கருத்துப் போயின. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்தது. மூச்சுத் திணறி மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

கத்தியால் ஒருவரை ஒருவர் குத்தினால் அது குற்றம். போலீஸ் வரும். படம் எடுப்பார்கள். காற்றிலும் தண்ணீரிலும் நஞ்சு கலந்தால்? அதற்கு வில்லன் வேஷம் போட இன்னும் எந்த நடிகரும் வரவில்லை!

ரவுடியே இல்லையா?

"அப்படியானால் வடசென்னையில் குற்றமே நடக்கவில்லையா? ரவுடியே கிடையாதா?" என்று சிலர் கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. குற்றம் உண்டு. ரவுடிகளும் உண்டு. அவர்களால் முதலில் கஷ்டப்படுகிறவர்கள் யார்? தெற்கே இருக்கிறவர்களா? இல்லை. அதே தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஆயாவும், இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும் தொழிலாளியும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும்தான். ரவுடியை வெறுப்பதில் அந்த மக்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல.

துறைமுகமும் சரக்கும் பணமும் இருக்கிற இடத்தில், உலகத்தில் எங்கேயும் சண்டை உண்டு. பம்பாயில் உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களிலும் உண்டு. அதை வைத்துப் படம் எடுப்பதும் தப்பு இல்லை. குற்றக் கதையே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல குற்றக் கதை, குற்றம் எப்படி முளைக்கிறது என்று காட்டும். அது சமுதாயத்துக்கு நல்லது.

தப்பு எங்கே இருக்கிறது? ஒரே வேஷத்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதில் இருக்கிறது. அதை நிஜம் என்று பார்ப்பவர்கள் நம்புவதில் இருக்கிறது.

மாறுதல் வராமல் இல்லை. 2014இல் வந்த "மெட்ராஸ்" வியாசர்பாடிப் பையன்களின் கால்பந்து ஆட்டத்தைக் காட்டியது. 2021இல் வந்த "சார்பட்டா பரம்பரை" இந்த ஊரின் குத்துச்சண்டைப் பெருமையைச் சொன்னது. இரண்டையும் எடுத்தவர் பா.ரஞ்சித். ஜனங்கள் இரண்டையும் விரும்பிப் பார்த்தார்கள். அப்படியானால் ஜனங்களுக்கு ரவுடிக் கதைதான் பிடிக்கும் என்பது வெறும் சாக்கு!

காரம் பலகையின் மறுபக்கம்

சினிமாவில் அன்பு காரம் ஆடினான். ஜெயிலுக்குப் போனான். நிஜத்தில் என்ன நடந்தது தெரியுமா?

புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு பெண். பெயர் காசிமா. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். காசிமா சின்ன வயதிலிருந்தே காரம் ஆடினார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் காரம் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. தனியாட்டத்தில் தங்கம். இரட்டையர் ஆட்டத்தில் தங்கம். அணி ஆட்டத்தில் தங்கம். மூன்று தங்கப் பதக்கம்! வயது 17. தமிழக அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது.

அதே வடசென்னை. அதே காரம் பலகை. படத்தில் கத்தி வந்தது. நிஜத்தில் தங்கம் வந்தது.

இனி ஒருவர் "வடசென்னையா?" என்று முகம் சுளித்தால், "ஆமாம், காசிமாவின் ஊர்!" என்று தலை நிமிர்ந்து சொல்லலாம்.

நடிகருக்கு என்ன அஞ்சலி?

டேனியல் பாலாஜிக்கு ரசிகர்கள் எப்படி அஞ்சலி செலுத்துவது? அவர் படத்தை மறுபடி பார்ப்பது ஒரு அஞ்சலி. படத்துக்கு மாலை போடுவதும் ஒரு அஞ்சலிதான். ஆனால் அவரே ஒரு வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அது கண் தானம்.

இதிலும் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819இல் தொடங்கப்பட்டது. உலகத்திலேயே மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று. இந்தியாவின் முதல் கண் வங்கி அங்கேதான் 1945இல் அமைந்தது. டாக்டர் முத்தையா 1948இல் அங்கே கருவிழி மாற்றி வைக்கும் ஆபரேஷன் செய்தார். ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது!

கண் தானம் பற்றிப் பலருக்குச் சந்தேகம் உண்டு. குடும்பத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

இறந்த பிறகுதான் கண்ணை எடுப்பார்கள். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதனால் உடனே கண் வங்கிக்குத் தகவல் சொல்ல வேண்டும். வீட்டுக்கே வந்து எடுத்துக் கொள்வார்கள். சுமார் 20 நிமிஷ வேலை. முகம் விகாரப்படாது.

அவர்கள் வரும் வரை இறந்தவரின் கண் இமைகளை மூடி வைக்க வேண்டும். மூடிய இமை மேல் ஈரப் பஞ்சு வைக்கலாம். மின் விசிறியை நிறுத்தி விட வேண்டும். தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்த வேண்டும்.

கண்ணாடி போட்டவர்கள் கொடுக்கலாம். கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள் கொடுக்கலாம். சர்க்கரை வியாதிக்காரர்களும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ் போன்ற நோயால் இறந்தவர்களின் கண்ணை மட்டும் எடுப்பது இல்லை.

ஒருவருடைய கண்களால் கருவிழி கெட்டுப்போன இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும்.

உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் தகவல் சொல்லப் போவது அவர்கள்தானே! எழுதிக் கொடுக்காவிட்டாலும், குடும்பத்தார் சம்மதித்தால் தானம் செய்யலாம்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

ஞாயிற்றுக்கிழமை வீடுகளில் படம் ஓடும். போலீஸ் கதை ஓடும். பிள்ளைகள் பார்க்கத்தான் செய்வார்கள். தடுத்தால் கைபேசியில் ஒளிந்து பார்ப்பார்கள். அதைவிட, வயதுக்குத் தகுந்த படத்தைப் பெரியவர்கள் கூட உட்கார்ந்து பார்ப்பது மேல்.

படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கலாம். "இந்த வில்லனாக நடித்தவர் நிஜத்தில் எப்படிப்பட்டவர் தெரியுமா?" என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொன்ன பிறகு இன்னொன்றும் கேட்கலாம். "இந்த ஊர் நிஜத்தில் எப்படிப்பட்டது தெரியுமா?"

இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிள்ளை, பெரியவனாகி ஒரு நாள் நேர்முகத் தேர்வு நடத்தும் நாற்காலியில் உட்காருவான். எதிரில் ஒரு இளைஞன் வந்து நிற்பான். "வீடு எங்கே?" என்று கேட்பான். "திருவொற்றியூர்" என்று பதில் வரும்.

அப்போது அவன் முகம் மாறாது.